காதால் எழுதியவர்: பெடி சயெவ்ஸ்கி

(சங்கத்தின் நூற்றாண்டு உரைத் தொடரில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். தொலைக்காட்சிக்கும் திரைப்படத்துக்கும் கதைவசனம் எழுதிய ஓர் அமெரிக்கரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "எங்கட பிள்ளையளுக்கு அதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் தலைப்பை மாற்றவில்லை.

அவருடைய பெயர் பெடி சயெவ்ஸ்கி. பெடி என்றதும் எங்களூர்ப் பெடியன் ஒருவன் நினைவுக்கு வந்தால் வரட்டும். அந்த மனிதரும் கடைசிவரை ஓர் ஊர்ப் பெடியன்தான். நியூயோர்க் நகரத்தின் பிரொங்ஸ் பகுதியில் 1923ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி, ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் சிட்னி ஆரன். பெடி என்பது ஐரிஷ்காரரைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர். இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, ஒருநாள் சமையற்கட்டு வேலையிலிருந்து தப்புவதற்காக, தான் கத்தோலிக்கப் பூசைக்குப் போக வேண்டும் என்று இவர் சொன்னாராம். "நேற்று யூதன் என்றாயே?" என்று அதிகாரி கேட்க, "அம்மா ஐரிஷ்காரி" என்று சமாளித்தாராம். அன்றிலிருந்து பெடி. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்புவதில் கெட்டிக்காரன் என்பது தெரிகிறதல்லவா?

ஜேர்மனியில் ஆகன் நகரத்துக்கு அருகே கண்ணிவெடியில் காயப்பட்டார். இங்கிலாந்தில் இராணுவ வைத்தியசாலையில் படுத்திருந்த நாட்களில் ஓர் இசை நாடகம் எழுதினார். அவருடைய எழுத்து வாழ்வு வைத்தியசாலைக் கட்டிலில்தான் தொடங்கியது என்று சொன்னால் அது அவ்வளவு மிகையாகாது. போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி மாமாவின் அச்சகத்தில் வேலை செய்தார். போர்க்காலத்தில் இவருக்குப் பழக்கமான நாடக எழுத்தாளர் கார்சன் கேனின், அவருடைய மனைவி ரூத் கோர்டன் இருவரும் நியூயோர்க்கில் இவரைத் தற்செயலாகச் சந்தித்தார்கள். அச்சகத்தில் நிற்கிற பெடியனைப் பார்த்து, "நீ உட்கார்ந்து ஒரு நாடகம் எழுது" என்று 500 டொலர் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் எழுதிய நாடகம் மேடையேறவில்லை. ஆனால் அச்சகத்திலிருந்து அவர் வெளியே வந்துவிட்டார். இந்த 500 டொலரை ஒரு பக்கமாக நினைவில் வைத்திருங்கள். இன்னொன்றும் உண்டு. அவர் பட்டம் பெற்ற நியூயோர்க் சிற்றி கல்லூரியில் அந்தக் காலத்தில் கட்டணம் இல்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வியில் படித்து வைத்தியரான எனக்கு இந்தத் தகவல் கண்ணில் படாமல் போகாது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகங்கள் நேரடியாகவே ஒளிபரப்பாகின. ஒளிப்பதிவு நாடா அப்போது இல்லை. நடிகர் வசனத்தை மறந்தால் மறந்ததுதான். சுவர் ஆடினால் ஆடியதுதான். கலையரங்கு சின்னது, கமெரா பெரியது, ஓடும் குதிரையும் கடலும் காட்ட வழியில்லை. காட்டக்கூடியது மனித முகம் மட்டும். கேட்கக்கூடியது வீட்டுக்குள் மனிதர் பேசும் பேச்சு மட்டும். எங்களுக்கு வானொலி நாடகம் எப்படியோ அப்படி. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வானொலியில் ஒலித்த நாட்களில் ஒழுங்கை முழுவதும் ஒரே குரல் கேட்டதாக இங்கே இருக்கிற மூத்த அக்காமார் சொல்லுவார்கள். நான் அதைக் கேட்கும் வயதில் இருக்கவில்லை. எங்கள் காலத்தில் மின்சாரமே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஆட்கள் நாங்கள்.

இந்தச் சின்ன அரங்குக்குத்தான் சயெவ்ஸ்கி எழுத வந்தார். பிரெட் கோ என்ற தயாரிப்பாளர் புதிய எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து எழுதவைத்தார். ஒருநாள் ஒரு ஹோட்டல் நடன மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இரவில் அதே மண்டபத்தில் துணை தேடும் தனியாட்கள் கூடுவார்கள். கூப்பிடும் ஆணோடு ஆடுங்கள், ஆண்களுக்கும் மனசு உண்டு என்று பெண்களுக்கு ஓர் அறிவித்தல் அங்கே ஒட்டப்பட்டிருந்தது. எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போன அறிவித்தல் அது. இவர் அதன் முன்னால் நின்றார். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகிற ஒருவனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றார். அதுதான் 'மார்ட்டி'. 1953ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி ஞாயிறு இரவு ஒளிபரப்பானது. இயக்கியவர் டெல்பேர்ட் மான், நடித்தவர்கள் ரொட் ஸ்டைகரும் நான்சி மார்ச்சண்டும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மார்ட்டி முப்பதைத் தாண்டிய இறைச்சிக்கடைக்காரன். இத்தாலியக் குடும்பம். தம்பி தங்கைமார் எல்லோரும் கலியாணம் முடித்துவிட்டார்கள். கடைக்கு வரும் பெண்கள் இறைச்சியை வாங்கிக்கொண்டே, "தம்பிக்கும் முடிஞ்சுது, உனக்கு எப்ப? வெட்கமாய் இல்லையா?" என்ற தோரணையில் கேட்கிறார்கள். இதை முதன்முதலில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். பிரொங்ஸ் எங்கே, எங்கள் கோயில் வீதி எங்கே! உருளைக்கிழங்கு நிறுக்கும் நேரத்தில் அடுத்தவரின் கலியாணத்தையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

தாயின் தொல்லை தாங்காமல் மார்ட்டி நடன மண்டபத்துக்குப் போகிறான். அங்கே கிளாரா என்ற ஆசிரியை. வயது 29. அழகி இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட பெண். அவளைக் கூட்டிவந்தவன் வேறொருத்தியைக் கண்டதும், இவளை வீட்டில் கொண்டுபோய் விட்டால் ஐந்து டொலர் தருகிறேன் என்று மார்ட்டியிடமே பேரம் பேசுகிறான். மார்ட்டி மறுக்கிறான். வெளியே நின்று அழுகிற அவளிடம் போய்க் கதைக்கிறான். அவ்வளவுதான். இருவரும் இரவிரவாகக் கதைக்கிறார்கள். மறுநாள் மகன் கலியாணம் கட்டவேண்டும் என்று அரற்றிய அதே தாய், இப்போது அந்தப் பெண்ணில் குறை கண்டுபிடிக்கிறாள். ஏனென்றால் இடையில் அவளுடைய சகோதரி வந்து, மகன் முடித்தபின் தாய் வீட்டுக்குப் பாரம் என்று தன் அனுபவத்தைச் சொல்லிவிட்டாள். கெட்டவர்கள் என்று யாருமில்லை. ஒரு பயம் இன்னொரு ஆளின் வாயில் புத்திமதியாக மாறி வெளியே வருகிறது. எங்கள் வீடுகளில் இதைக் கேட்காதவர் யார்?

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் மார்ட்டி முன்பு ஒருதரம் சந்தித்த ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, படத்துக்கு வருவாயா என்று கேட்கிறான். மறுமுனையில் அவள் சொல்வது எங்களுக்குக் கேட்பதில்லை. அவனுடைய பாதி மட்டும் கேட்கும். அடுத்த சனிக்கிழமை? அதற்கடுத்தது? கமெரா மெதுமெதுவாக முகத்தை நெருங்குகிறது. அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். எழுதாமல் விட்ட பாதியில்தான் முழு வலியும் இருக்கிறது. நோயாளர் சொல்வதைக் கேட்டு எழுதுவது என்னுடைய தொழில். "நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது டொக்டர்" என்று ஓர் அம்மா சொன்னால், அந்த 'ஏதோ'வைத்தான் நாங்கள் பிடிக்கவேண்டும். சயெவ்ஸ்கி அந்த 'ஏதோ'வை எழுதத் தெரிந்தவர்.

இரண்டு வருடம் கழித்து அதே கதை திரைப்படமானது. ஏர்னெஸ்ட் போக்னைனும் பெட்சி பிளேயரும் நடித்தார்கள். செலவு குறைந்த சின்னப் படம். 1955இல் கான் விழாவின் தங்கப்பனை விருது கிடைத்தது. பிறகு சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என்று நான்கு ஒஸ்கார். தொலைக்காட்சியில் பிறந்த கதை ஹொலிவூட்டைத் தலைகுனிய வைத்தது.

அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஏற்ற இறக்கம். மேடை நாடகங்களில் சில ஓடின. ஸ்டாலினைப் பற்றித் தானே எழுதி இயக்கிய ஒன்று விழுந்தது. இடையில் 1964இல் வந்த 'த அமெரிக்கனைசேஷன் ஒஃப் எமிலி' என்ற படத்தைத் தாண்டிப்போக மனமில்லை. 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' ஜூலி அன்ட்ரூஸ்தான் எமிலி. எமிலியின் தாய், போரில் இறந்த கணவனும் மகனும் இன்னும் உயிரோடு இருப்பதுபோலவே பேசிக்கொண்டிருப்பாள். ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, கோழை என்று தன்னைத் தானே பெருமையாகச் சொல்லிக்கொள்பவன், அவளோடு தேநீர் குடித்துக்கொண்டே, போரை நடத்துவோர் மட்டுமல்ல, இறந்தவர்களை வீரர்களாக்கிப் போற்றும் நாங்களும் அடுத்த போருக்கு வழிவிடுகிறோம் என்ற கருத்தில் பேசுவான். தாய் உடைந்துபோவாள். கண்ணிவெடியில் காயப்பட்ட ஒருவர் எழுதிய வசனம் அது. வராத பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்துவைக்கும் தாயை நாங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில் பார்த்திருக்கிறோம். அந்தக் கடற்படைக்காரன் சொல்வதோடு உடன்படுவதா இல்லையா என்று நான் இன்றுவரை முடிவுசெய்யவில்லை. அந்த அம்மாவின் முன்னால் அதைச் சொல்லும் துணிவு எனக்கு வராது என்பது மட்டும் நிச்சயம்.

இனி என்னுடைய எல்லைக்குள் வருகிறேன். 1971இல் வந்த 'த ஹொஸ்பிற்றல்'. மன்ஹற்றனில் ஒரு பெரிய போதனா வைத்தியசாலை. படம் தொடங்கும்போது ஒரு குரல் ஒரு நோயாளரின் கதையை வரவுப் பதிவேடு வாசிப்பதுபோல வாசிக்கிறது. அது சயெவ்ஸ்கியின் சொந்தக் குரல். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வயோதிபர் நெஞ்சுவலியோடு வருகிறார். இதயவலி என்று மோர்பின் கொடுக்கிறார்கள். உண்மையில் அவருக்கு இருப்பது எம்பைசீமா, நுரையீரல் நோய். மோர்பின் அவருடைய சுவாசத்தை அமுக்குகிறது. நிலைமை மோசமானதும் அடுத்த வைத்தியர் அதை நுரையீரல் நீர்க்கோவை என்று எண்ணி ஒட்சிசனும் மற்ற மருந்துகளும் கொடுக்கிறார். முகத்தில் நிறம் திரும்புகிறது, நோயாளர் நிம்மதியாகத் தூங்குவதுபோல் தெரிகிறது. அது தூக்கமல்ல. உடம்பில் காபனீரொட்சைட்டு தேங்கியதால் வந்த மயக்கம். மாலையில் இறந்துவிடுகிறார். அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்பதை விளக்கத்தான் இவ்வளவும் சொன்னேன் என்று குரல் முடிக்கிறது.

புதிதாக வரும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களுக்கு ஒவ்வொரு தடவையும் இந்த ஆரம்பத்தைப் போட்டுக் காட்டுவேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவர் இருவராகச் சிரிப்பு நிற்கும். மருத்துவ ரீதியாக அதில் பிழை பிடிக்க முடியாது. ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த அளவில் நியாயமாகவே நடக்கிறார். யாரும் முதலிலிருந்து கேட்கவில்லை. மருத்துவம் படிக்காத ஒரு நாடகக்காரர் இதை எழுதியிருக்கிறார். அவர் எழுத முன் வாசிப்பார், தேடுவார், போய் நின்று பார்ப்பார், தொழில்காரரின் பேச்சை அப்படியே காதில் வாங்குவார்.

படத்தில் அடுத்தடுத்து மரணங்கள் நடக்கின்றன. ஒரு வைத்தியர் அவசர சிகிச்சைப் பிரிவில் கவனிப்பாரின்றி மறக்கப்பட்டே இறக்கிறார். ஒரு தாதி வேறொரு நோயாளரின் பெயரில் சத்திரசிகிச்சை மேசைக்குப் போய் அங்கேயே இறக்கிறார். இவற்றின் பின்னால் ஒருவன் இருக்கிறான். ஆனால் அவன் செய்தது தொடக்கம் மட்டும். மிச்சத்தை வைத்தியசாலையின் கவனக்குறைவு பார்த்துக்கொண்டது. நகைச்சுவைப் படம் என்றுதான் இதை அப்போது வகைப்படுத்தினார்கள். 28 வருடங்களுக்குப் பிறகு, 1999இல், அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு வைத்தியசாலைகளில் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 வரை மரணங்கள் நிகழலாம் என்றது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. மயக்கமருந்து கொடுக்க முன் செய்யவேண்டியவற்றில் முதலாவது, நோயாளரின் பெயரையும் அடையாளத்தையும் உறுதிசெய்வது.

அந்தப் படத்தில் எனக்கு ஏற்க முடியாத ஒன்றும் உண்டு. கதாநாயகர் டொக்டர் பொக், மனைவி பிள்ளைகளைப் பிரிந்து, குடியில் விழுந்து, வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவர். ஜோர்ஜ் சி. ஸ்கொட் அருமையாக நடித்திருக்கிறார். வைத்தியர்களின் மனச்சோர்வை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் ஓர் இரவு அவர் டயானா ரிக் நடிக்கும் பெண்ணின்மேல் பலாத்காரமாக விழுவதையும், விடிந்ததும் அவள் அதைக் காதலாக எடுத்துக்கொள்வதையும் எந்தக் காலத்துக்குரிய கண்ணால் பார்த்தாலும் மன்னிக்க முடியாது. மார்ட்டியின் கிளாராவுக்குக் கொடுத்த காதை அந்தப் பெண்ணுக்கு அவர் கொடுக்கவில்லை.

முடிவில் அந்தப் பெண் டொக்டரைத் தன்னோடு மெக்சிக்கோ மலைப்பக்கம் வந்துவிடும்படி கூப்பிடுகிறாள். புறப்படும் நேரத்தில் அவர் நின்றுவிடுகிறார். யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு குழப்பம் நடக்கும் வைத்தியசாலைக்குள்ளேயே திரும்பிப் போகிறார். 2022இல், மருந்துத் தட்டுப்பாட்டில், என்னோடு வேலை செய்த வைத்தியர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறிய மாதங்களில், இந்தக் காட்சியைப் பற்றி இரவுக் கடமையில் நாங்கள் சண்டையே பிடித்திருக்கிறோம். பொக் வீரனா, விசரனா? போனவர்களில் இருவர் இன்று இணையவழியில் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பிள்ளைகளே. உங்களுக்கும் நியாயம் இருக்கிறது. நான் நின்றேன். அவ்வளவுதான்.

'த ஹொஸ்பிற்றல்' இரண்டாவது ஒஸ்காரைக் கொடுத்தது. மூன்றாவது 1976இல் வந்த 'நெற்வேர்க்'. சிட்னி லூமெட் இயக்கினார். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் வேலையிழக்கும் செய்தி வாசிப்பாளர் ஒருவர், அடுத்த வாரம் இதே திரையில் உயிரை விடுவேன் என்று அறிவிக்கிறார். எண்ணிக்கை ஏறுகிறது. உடனே நிறுவனம் அவருடைய சித்தப்பிரமையையே நிகழ்ச்சியாக்கி விற்கிறது. எண்ணிக்கை மறுபடி இறங்கியதும் அவரையே தீர்த்துக்கட்டுகிறது. அதைக் கேலி என்று அன்று சிரித்தார்கள். இன்று கையில் கைப்பேசி வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2017இல் லண்டன் தேசிய அரங்கில் அது மேடை நாடகமாகவும் வந்தது.

அதில் எனக்குப் பிடித்தது கத்தும் காட்சி அல்ல. இளம் பெண்ணொருத்தியில் மனம் போய்விட்டது என்று கணவன் சொல்லும்போது, 25 வருடம் குடும்பம் நடத்திய மனைவி பதில் சொல்லும் காட்சி. காதல் இல்லாவிட்டால் போகட்டும், என் வலிக்கு ஒரு மரியாதை வேண்டும் என்ற பொருளில் அவள் பேசுகிறாள். பியற்றிஸ் ஸ்ட்ரெய்ட் அந்தப் படத்தில் வருவது ஏறக்குறைய ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. கதாநாயகனாக நடித்த பீற்றர் பிஞ்சுக்கும் கிடைத்தது. ஆனால் அவர் இரண்டு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். விருதை வாங்க மேடையேறிய சயெவ்ஸ்கி, இதை வாங்க வேண்டியவர் நானல்ல என்று பிஞ்சின் மனைவியைச் சபையிலிருந்து அழைத்தார்.

திரைக்கதைக்கு மூன்று ஒஸ்காரையும் வேறு எவரோடும் பங்கிடாமல் தனியாக எழுதி வாங்கியவர் இவர் ஒருவர்தான். எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவிடமாட்டார். படப்பிடிப்புத் தளத்திலேயே நிற்பார். பிடிவாதக்காரர். கடைசிப் படமான 'ஓல்ற்றர்ட் ஸ்ரேற்ஸ்' 1980இல் வந்தபோது, இயக்குநர் கென் ரஸலோடு முரண்பட்டு, பெடி சயெவ்ஸ்கி என்ற பெயரைப் போடவேண்டாம் என்றார். படத்தில் எழுத்தாளர் பெயர் சிட்னி ஆரன் என்று வரும். தாய் தகப்பன் வைத்த பெயரே முகமூடியாகிவிட்டது. 1981 ஆகஸ்ட் முதலாம் திகதி புற்றுநோயால் இறந்தார். வயது 58.

செயலாளர் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகப் பிரதி எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர் என்னோடு படித்தார்கள்! வகுப்பில் ரீச்சர்மார் பேசுவதை இடைவேளையில் அச்சொட்டாகப் பேசிக்காட்டிய ஒருத்தி இருந்தாள். உயர்தரத்துக்கு வந்ததும் எல்லோரையும் உயிரியலுக்கும் கணிதத்துக்கும் பிரித்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் சங்கமும் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குப் போகிறவர்களுக்குத்தான் உதவித்தொகை கொடுக்கிறது. அதில் பிழையில்லை, என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பாடசாலையை விட்டு விலகும் ஒரு பிள்ளை, ஒரு வருடம் வீட்டில் இருந்து ஒரு நாடகமோ திரைக்கதையோ எழுதி முடிக்க, அந்த 500 டொலரைப் போல ஒரு தொகையையும் சங்கம் கொடுக்கலாம். எழுதியது மேடையேற வேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். முதல் வருடத்துக்கான பணத்தை இன்று காலை பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாம் வருடத்துக்கு யாராவது முன்வந்தால், தேநீர் நேரத்தில் அவரிடம் பெயரைக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதி அறிவிக்கலாம்.